ஒன்றுக்கும் உதவாத பொடி

வலது கை சல்லடையின் விளிம்பைத் தட்டுகிறது. இடது கை அதைத் தாங்கி லேசாகச் சுழற்றுகிறது. மூன்று தட்டு, ஒரு சுழற்று. கீழே விரித்த வெள்ளைத் துணியில் மாவு புகை போல இறங்கிக் குவிகிறது. இரண்டு விரல்கள் அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்க்கின்றன. நறநறப்பு இல்லை. பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் இடது பாதியில் பழைய பொடி, வலது பாதியில் இந்தப் புதுப் பொடி. கைகள் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கின்றன. இரண்டுக்கும் நடுவே கோடு தெரியக் கூடாது. தெரிகிறது. மயிரிழை அளவுதான், ஆனால் தெரிகிறது. வலது பக்கம் கொஞ்சம் வெளுப்பு.

கைகள் அந்தக் குவியலை அப்படியே மறுபடி வாணலியில் கொட்டுகின்றன. இன்னும் அரை நிமிஷம் வறுக்க வேண்டும்.

இது ஒன்பதாவது முறை. வறுபடுவது வெறும் மாவு. அதற்கு இருக்க வேண்டிய குணம் ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட்டால் எதுவும் ஆகக் கூடாது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியைத் தெருவில் எல்லோரும் பொடியம்மா என்பார்கள். வீட்டின் முன்னறை கடை. பின்னறை வேலை செய்கிற இடம். அங்கே ஓர் அரவை மெஷின், ஒரு தராசு, இரண்டு ஜன்னல், சுவரோரம் தகர டப்பாக்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு பொடி, அமுக்கரா வேர்ப் பொடி. மனசு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் நெஞ்சு திக்கென்கிறது என்று வருகிறவர்கள் வாங்கிப் போவது அது. வேரைக் கழுவி, நறுக்கி, பால் ஆவியில் அவித்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, துணியில் மூன்று முறை சலிப்பாள். இரண்டு முறை போதும் என்று யாராவது சொன்னால் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். மூன்றாவது முறை சலிப்பாள்.

டப்பாவின் மேல் ஒட்டும் லேபிளில் கொட்டை எழுத்தில் ஒரு வரி உண்டு: ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.’ அப்படி எழுதச் சொன்னதும் அவள்தான். இப்போது தன் கையாலேயே அந்தப் போலியைச் செய்துகொண்டிருக்கிறாள். அதுவும் ஒன்பதாவது முறையாக.

இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தவர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைப் பார்க்கும் டாக்டரம்மா. முதல் தடவை அவர் வந்தது சண்டை போடத்தான். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரப் பெண் ஒருத்தி, பொடி நன்றாக வேலை செய்கிறது என்று மாத்திரையைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டரம்மா அவள் வைத்திருந்த டப்பாவைக் கடை மேஜைமேல் வைத்தார்.

“இது உங்க டப்பாதானே?”

“என்னுதுதான்.”

“மாத்திரையை நிறுத்துன்னு நீங்க சொன்னீங்களா?”

“ஐயோ, நான் எதுக்குங்க சொல்றேன்? ராத்திரி பால்ல ஒரு ஸ்பூன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

“நிறுத்தாதேன்னு சொன்னீங்களா?”

அதைச் சொல்ல வேண்டும் என்று பொடியம்மாவுக்குத் தோன்றியதே இல்லை. அன்று சாயங்காலமே லேபிளில் இன்னொரு வரி ஏறியது: ‘மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ அச்சகத்தில் கேட்டார்கள், பொடிக்கு எதற்கு அம்மா இந்த விளம்பரம் என்று.

இரண்டாவது தடவை டாக்டரம்மா வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்தார். “உங்க பொடி நிஜமா உதவுதான்னு பார்க்கணும்னு இருக்கேன்” என்றார்.

“உதவுதே! நூறு பேரைக் கூப்பிடட்டுமா?”

“நூறு பேர் சொல்றதை நானும் கேட்டிருக்கேன். ஆனா ராத்திரி ஒருத்தர் சூடா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கையில கொடுக்கிறாங்க. குடிச்சா நல்லாயிடும்னு சொல்றாங்க. நாளும் போகுது. பாதிப் பேருக்கு நாள் போனாலே கொஞ்சம் தேவலாமாயிடும். இதெல்லாம் சேர்ந்துதான் உங்க பொடி. அதுல வேரோட பங்கு எவ்வளவு? அதுதான் என் கேள்வி.”

இதுவரை நடந்த சின்னச் சின்ன ஆய்வுகள் நல்லபடியாகத்தான் சொல்கின்றன என்றார். ஆனால் ஆள் குறைவு, நாள் குறைவு. சிலவற்றில் போலியை வாசனையிலேயே ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தனக்குக் கிடைத்தது மாவு என்று தெரிந்தவன் எப்படித் தேறுவான்? ஆகவே இந்தத் தடவை நூற்றிருபது பேர், எட்டு வாரம். எல்லோரும் அவரவர் மாத்திரையை விடாமல் சாப்பிடுவார்கள். ஒரு பொடியில் வேர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் சேர்ப்பார்கள். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

“போலியை யார் செய்வாங்க?”

“நிஜத்தைச் செய்யத் தெரிஞ்சவங்கதான் செய்யணும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள வேணும். இல்லைன்னா ஆய்வுக் குழுவுல இருக்கிறவங்க ஏதாவது ஒரு கம்பெனி மாத்திரையை வச்சு ஆய்வைப் பண்ணிக்கலாம்ங்கிறாங்க. உங்க பொடி கணக்குலேயே வராது.”

அந்த வார்த்தை பொடியம்மாவைத் தைத்தது. ஒத்துக்கொண்டாள்.

முதல் போலியை மூன்றே நாளில் செய்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து, இதில் வேர் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்தது கலந்திருக்கும் என்று நினைத்த டாக்டரம்மா போன் செய்தார்.

“சல்லடையைக் கழுவினீங்களா அம்மா?”

“புதுச் சல்லடைங்க. புது வாணலி. அரவையும் வெளியில போய் மாவு மில்லுல.”

“அப்புறம் எப்படி வேர் வந்தது?”

“நான்தான் போட்டேன். கிலோவுக்கு ஒரே ஒரு ஸ்பூன்.”

“எதுக்கு?”

“டாக்டரம்மா, அறுபது பேர் நம்பி வாயில போடறாங்க. அவங்களுக்குச் சும்மா மாவை எப்படிங்க கொடுக்கிறது? கை வரலை.”

டாக்டரம்மா சிரித்ததில் போன் கரகரத்தது. ஒன்றும் இல்லாததைத்தான் ஒழுங்காகச் செய்து தர வேண்டும், அதில் இரக்கம் காட்டினால் அத்தனை பேர் எட்டு வாரமும் வீண் என்று பொறுமையாக விளக்கினார். பொடியம்மா சரி என்றாள். ஒன்றுமில்லாததைச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிறம் வறுப்பில் வந்துவிடும். கசப்புக்கு ஆய்வுக்கூடத்தார் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு துளி போதும், நாக்கோடு சரி, உள்ளே போய் எதுவும் செய்யாது. சிக்கல் வாசனையில்தான் வந்தது. அமுக்கராவுக்குக் குதிரை வாசனை என்று காலம்காலமாகச் சொல்வார்கள். பொடியம்மா பஸ் டிரைவரான தன் புருஷனிடம் கேட்டாள், குதிரை வாசனை எப்படிங்க இருக்கும் என்று.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் குதிரையை முகர்ந்து பார்த்ததில்லை. குதிரையும் என்னை முகர்ந்து பார்த்ததில்லை.”

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முழு வேர்களைப் பொடி உதிராதபடி நன்றாகத் துடைத்து, நான்கு மடிப்புத் துணியில் முடிந்து, மாவுக்கு நடுவே புதைத்து, டப்பாவை மூடி வைத்தாள். பத்து நாளில் மாவு வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டது. மூட்டையை எடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினாள். வேர் துளியும் இல்லை, பேஷ் என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் அந்த வாசனையேறிய மாவை வைத்துக்கொண்டு நிறத்தையும் கசப்பையும் சரிசெய்வதுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார். டிரைவரின் அக்கா. பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து எது வந்தாலும் முத்திரை விழுந்த மாதிரிதான் இருக்கும். பொடியம்மாவின் தொழிலை அவர் இருபத்திரண்டு வருஷமாக நம்பியதில்லை. தூக்கம் மட்டும் வருவதில்லை என்பதால் அவ்வப்போது ஒரு ஸ்பூன் வாங்கிப் போவார், திட்டிக்கொண்டே குடிப்பார். அன்று பொடியம்மா கடையில் ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் தானே பின்னறைக்குப் போய், கைக்குக் கிடைத்த டப்பாவிலிருந்து மூன்று நாளைக்கு வேண்டியதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

நாலாம் நாள் காலை அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“இத்தனை வருஷத்துல இப்பத்தான் நீ ஒழுங்கா ஒரு பொடி பண்ணியிருக்கே. படுத்ததுதான் தெரியும். விடிஞ்சு பால்காரன் மணி அடிச்சப்புறம்தான் முழிச்சேன். இப்படித் தூங்கினது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி.”

“எந்த டப்பா அண்ணி அது?”

“அதோ, ஜன்னல் பக்கம், மூடியில நூல் கட்டியிருக்கே, அது.”

பொடியம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். “அண்ணி, அது மாவு.”

“எது மாவு?”

“நீங்க குடிச்சது. அதுல ஒண்ணுமே இல்லை.”

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணுமே இல்லாததுக்கே நான் இப்படித் தூங்கியிருக்கேன்னா, இதுவரைக்கும் நீ என்னத்தைப் போட்டு என் தூக்கத்தைக் கெடுத்தே?”

பொடியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனாருக்கும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பு வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, பஸ்ஸை எடுக்கப் போனார்.

டிரைவர் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் இறக்கத்தில் அவர் காலுக்கு அடியில் பிரேக் பிடிக்காமல் போனது. வண்டியை ஒரு மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்த முப்பத்திரண்டு பிள்ளைகளும் அதை விளையாட்டு என்று நினைத்து, “இன்னொரு தடவை!” என்று கை தட்டினார்கள். டிரைவர் கீழே இறங்கினார். மறுபடி ஏற முடியவில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். தண்ணீர்க் குவளையைத் தூக்கினால்கூடக் கை ஆடும். ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் ஓர் ஆலோசகரிடம் பேசிவிட்டு வருவார். காலையில் நடப்பார். ராத்திரி ஒன்பது மணிக்குப் பொடியம்மா பாலில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுப்பாள். நாலாவது மாதம் ஒரு நாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் ஓட்டுகிறார், ஒரு ராத்திரி விடாமல் குடிக்கிறார். எதனால் சரியாயிற்று என்று கேட்டால் பொடி என்பார். பேச்சாலயும் இருக்கலாமே என்றால், “பேசினா சரியாகும்னா எங்க அக்கா பக்கத்துல உட்கார்ந்தே சரியாகியிருப்பேனே” என்பார்.

ஏழு வருஷம் ஒரே ருசியைக் குடித்த நாக்கு. அதைவிடப் பெரிய பரீட்சை ஊரில் கிடையாது என்று பொடியம்மா கணக்குப் போட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரைவர் வந்ததும் அரை டம்ளர் பாலில் கலந்து கொடுப்பாள். ராத்திரிப் பொடி வழக்கம்போல அவருடைய சொந்த டப்பாவிலிருந்து தனியாக. இது ருசி பார்க்க மட்டும்.

முதல் சாயங்காலம் அவர் ஒரு வாய் வைத்தார். “போலி.”

“எதை வச்சு சொல்றீங்க?”

“கசப்பு பத்தலை.”

மறுநாள் கசப்பைக் கூட்டினாள். “போலி. கசப்பு ஜாஸ்தி.” அதற்கு மறுநாள், “மாவு நாக்குல ஒட்டுது.” துணியை மாற்றி நாலு முறை சலித்தாள். “ரொம்ப வழவழன்னு இருக்கு. உன் பொடி இப்படியா இருக்கும்?” ஒரு நாள் குறையே தோன்றாமல் டம்ளரை ஆட்டிப் பார்த்து, “என்னமோ மனசுக்குப் பிடிக்கலை” என்றார்.

ஒவ்வொரு தடவையும் பொடியம்மா மறுபேச்சு பேசாமல் வாணலியை அடுப்பில் ஏற்றினாள். அவளுடைய குணம் அது. குறை சொன்னால் கோபம் வராது, கை பரபரக்கும். அப்படித்தான் ஒன்பதாவது முறை வந்தது. கண்ணாடித் துண்டில் கோடு மறைந்தது. தன் கண்ணுக்கே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. முகர்ந்தால் ஒன்று. நாக்கில் வைத்தால் ஒன்று. மாசக் கடைசிக்கு ஆறு நாள்.

டிரைவர் அரை டம்ளரையும் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். “அப்பட்டமான போலி” என்றார்.

பொடியம்மா டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். தன்னால் முடியாது போலிருக்கிறது, கம்பெனி மாத்திரையையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடத்தான். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார்.

“ஒன்பது நாளும் கண்டுபிடிச்சாரா?”

“ஒரு நாள்கூடத் தப்பலைங்க. அப்படி ஒரு நாக்கு.”

“நடுவுல எத்தனை நாள் நிஜத்தைக் கொடுத்தீங்க?”

“நிஜத்தை எதுக்குங்க கொடுக்கணும்? சரியில்லாதது போலிதானே? அதைத்தான் கொடுத்தேன்.”

அதைச் சொல்லும்போதே பொடியம்மாவுக்கு விஷயம் உறைத்தது.

“நான் அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் டிரைவரின் சொந்த டப்பாவிலிருந்தே ஒரு ஸ்பூன் எடுத்தாள். மூன்று முறை சலித்த, பால் ஆவியில் அவித்த, அசல் வேர். பாலில் கலந்து, முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு நீட்டினாள்.

டிரைவர் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். “போலி. இன்னைக்கு ரொம்ப மோசம். சுத்த மாவு.”

“நல்லா பார்த்துச் சொல்லுங்க.”

“பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? ஏழு வருஷமாக் குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

பொடியம்மா அவருடைய டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே ஸ்பூன், பொடி ஒட்டிய நிலையில். டிரைவர் டப்பாவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். எழுந்து, பஸ்ஸைக் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பஸ் பக்கத்துச் சந்தில் நின்றது. காலையில்தான் கழுவியிருந்தது. பொடியம்மா போனபோது அவர் வாளியில் தண்ணீரே இல்லாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே ஏறி, முதல் வரிசையில் பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாய்க்கு வந்தது.

“ஒன்பது நாள் என்னைப் பைத்தியக்காரி மாதிரி மாவு வறுக்க விட்டீங்க.”

“நல்லாத்தான் வறுத்தே.”

“பேச்சை மாத்தாதீங்க. எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?”

அவர் துணியை உதறினார். மடித்தார். “அக்கா மாவைக் குடிச்சுட்டு அப்படித் தூங்கிச்சு.”

“ஆமா. அதுக்கு?”

“நூத்தி இருபது பேருக்கும் அப்படியே ஆச்சுன்னா? வேர்ல ஒண்ணும் இல்லை, மாவும் அதுவும் ஒண்ணுன்னு பேப்பர்ல போட்டுட்டான்னா? மறுநாள் காலையில ஆறரைக்கு நான் இந்தச் சாவியைத் திருப்பணும். எதை நம்பித் திருப்புவேன்?”

பொடியம்மா அவர் கையைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை லேசாக ஆடியது. துணி ஆடுகிற மாதிரி காட்டிக்கொண்டு அதை அவர் மறைத்தார்.

“எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைக்கிறீங்களா?” என்றாள். “இருபத்திரண்டு வருஷம். வித்தது மருந்தா, சும்மா ஒரு வாசனையான்னு தெரியப்போகுது. தெரியாமலே இருந்துட்டா தேவலைன்னு எனக்கும் தோணுது. ஆனா அந்தத் தையல்காரப் பொண்ணு என் டப்பாவை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டாளே. நாளைக்கு இன்னொருத்தி தூக்கம் இல்லாம வந்து நின்னா, நான் எவ்வளவு சொல்லலாம், எதுவரைக்கும் சொல்லலாம்? அது தெரியணும்ங்க எனக்கு.”

“ஒண்ணும் இல்லைன்னு வந்தா கடையை மூடிடுவியா?”

“அந்தப் பொடியை விக்க மாட்டேன்.”

“எனக்கு?”

“உங்களுக்குக் கொடுப்பேன். அது கடை இல்லையே.”

அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து யோசித்தார். “முடிவு வந்தா எனக்குச் சொல்லாதே.”

“சொல்லலை.”

“உன் முகமே சொல்லிடும். உனக்கு முகத்துல எதுவும் நிக்காது.”

“முடிவு வர ஒரு வருஷம் ஆகுமாம். அதுக்குள்ள முகத்தைப் பழக்கிக்கறேன்.”

“நான் கேட்டா?”

“நீங்களா கேட்கிற அன்னைக்குச் சொல்றேன்.”

“கேட்கவே இல்லைன்னா?”

“அப்ப உங்க டப்பாவை நிரப்பிட்டே இருப்பேன். இறங்குங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஒழுங்கா ருசி பார்க்கணும்.” குட்டை சீட்டிலிருந்து எழ முயன்றாள். முடியவில்லை. “முதல்ல என்னைத் தூக்கி விடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனாரை நடுவராகப் போட்டார்கள். பத்துச் சின்னக் கிண்ணங்கள். எதில் எது என்று நாத்தனார் மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கலந்தார். கலந்ததைத் தன் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பொடியம்மாவுக்கே தெரியக் கூடாது என்றார். அவருக்கு அந்த ஆய்வில் வந்திருந்த அக்கறை டாக்டரம்மாவுக்குக்கூட இருக்காது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே தண்ணீர் கொப்பளிக்க வைத்தார்.

“ஒண்ணாம் நம்பர்?”

“நிஜம்.”

“யோசிச்சுச் சொல்லு தம்பி. சொன்னதை மாத்த விட மாட்டேன்.”

“நிஜம்தான் அக்கா.”

“ரெண்டு?”

டிரைவர் இப்போது ஏமாற்றவில்லை. அது பார்த்தாலே தெரிந்தது. நெற்றியில் வேர்த்தது. நாலாவது கிண்ணத்தில் ரொம்ப நேரம் நின்றார். ஆறாவதை மூன்று தடவை முகர்ந்தார். எட்டாவதில், “எனக்கு நாக்கே மரத்துப் போச்சு” என்றார். நாத்தனார் பத்து நிமிஷம் இடைவேளை விட்டார். முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு காகிதத்தையும் ஒப்பிட்டார்.

“பத்துக்கு அஞ்சு.”

“அப்படின்னா?”

“அப்படின்னா நீ கண்ணை மூடிக்கிட்டு உளறியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.”

டிரைவர் கிண்ணங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகப் பொடியம்மா பக்கம் திரும்பினார். ஒன்பது நாளாக அவர் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னார். “அசலா பண்ணியிருக்கே.”

வித்தியாசம் தெரிகிறதா என்று ஆஸ்பத்திரியிலும் இருபது பேருக்குக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். பொடியம்மாவுக்கு இந்த ஒரு நாக்கு போதும். அவள் எழுந்து பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் அழுதாள். வேர்ப் பொடியை யாரும் இதுவரை இப்படிப் பாராட்டியதில்லை. ஒன்றுக்கும் உதவாத பொடிக்குத்தான் கிடைத்தது.

அடுத்த நான்கு நாளில் ஆய்வுக்கான எட்டு டப்பாக்களையும் நிரப்பினாள். நாலில் வேர், நாலில் மாவு. ஒரே எடை, ஒரே மூடி. லேபிள் கிடையாது, எண் மட்டும். எந்த எண்ணில் எது என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினாள். டாக்டரம்மா சொன்னபடி அதை ஆய்வோடு சம்பந்தமில்லாத ஆஸ்பத்திரி நூலகரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பூட்டி வைத்தார்.

மாசக் கடைசி நாள், பிள்ளைகளை இறக்கிவிட்ட பஸ்ஸிலேயே டப்பாக்கள் போயின. இரண்டு இரண்டாக டிரைவர் தூக்கிவந்து மருந்தகத்தின் மேஜைமேல் வைத்தார். மருந்தாளுநர் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா கொஞ்சம் தள்ளி, வேண்டுமென்றே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

பொடியம்மாவுக்கு ஒரு சங்கடம். வேர்ப் பொடி ஆறு மாதமானாலும் கெடாது. மாவு அப்படி இல்லை. கொஞ்சம் ஈரம் பட்டால் வண்டு வந்துவிடும். எச்சரிக்க வேண்டும். மாவு டப்பாவுக்கு மட்டும் எச்சரித்தால் எது மாவு என்று தெரிந்துவிடும். அவள் முதல் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

“ஒண்ணாம் நம்பர். ஈரம் படாம வச்சுக்கங்க. ஸ்பூன் காஞ்சிருக்கணும். எடுத்ததும் மூடிடுங்க.”

இரண்டாவதை நீட்டினாள். “ரெண்டாம் நம்பர். ஈரம் படாம வச்சுக்கங்க. ஸ்பூன் காஞ்சிருக்கணும். எடுத்ததும் மூடிடுங்க.”

மூன்றாவதுக்கும் அதே வார்த்தை, அதே குரல். நாலாவதில் மருந்தாளுநர் பேனாவை நிறுத்தினார். “எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு தடவை சொன்னா போதாதா அம்மா?”

“இல்லைங்க. ஒவ்வொண்ணுக்கும் சொல்லணும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வாங்கி வைத்தார். ஏழு முடிந்தது. எட்டாவது டப்பா மேஜைக்கு வரவில்லை. அது டிரைவர் கையில் இருந்தது. மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு மேஜைப் பக்கம் பார்த்தார்.

பொடியம்மா கையை நீட்டவில்லை. காத்திருந்தாள்.

டிரைவர் ஓர் அடி முன்னால் வைத்து, டப்பாவை மருந்தாளுநர் கையில் கொடுத்தார்.

“எட்டாம் நம்பர்” என்றார். “ஈரம் படாம வச்சுக்கங்க.”